மேற்கே போனால் பிரியாணி மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'வழிகாட்டி இல்லாமல் ரங்கூன்: ஒரு கட்டடக்கலை நடை' படித்தேன். இரண்டு பக்கம், வண்ணப் படங்கள், வரைபடம் என்று செலவு பார்க்காமல் செய்திருக்கிறீர்கள். "சூலே பகோடாவுக்கு மேற்கே கட்டடக்கலை என்று பார்க்க அதிகமில்லை, பிரியாணி சாப்பிடப் போகலாம்" என்ற ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது.

பிரியாணியையாவது விட்டுவைத்தீர்களே, நன்றி.

1931 கணக்கெடுப்பில், இன்று யாங்கோன் எனப்படும் இந்தப் பர்மிய நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர் என்பது தாங்கள் அறிந்ததே. அவர்களில் பெரும்பகுதி குடியிருந்ததும் கடை வைத்ததும் கோயில் கட்டியதும் எந்தப் பக்கம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தமிழ் இதழ் அந்த மேற்குப் பக்கத்தைச் சாப்பாட்டுக் கடையாகச் சுருக்கிவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டுரையாளர் பன்சோடான் தெருவில் தொடங்கி ஸ்ட்ராண்ட் ஹோட்டலில் முடிக்கிறார். சோபேர் கட்டடம், பழைய வங்கிகள், துறைமுகத்துச் சுங்க அலுவலகம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் துணைத்தலைப்பில் 'திட்டமிட்டுக் கட்டிய நகரம்' என்று போட்டுவிட்டு, திட்டம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டால் எப்படி? 1852 ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு, முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்த டாக்டர் மான்ட்கோமரி கொடுத்த யோசனையைத் திருத்தி பொறியாளர் லெப்டினன்ட் பிரேசர் போட்டதுதான் இந்தக் கட்டம் கட்டமான தெரு அமைப்பு. நடுவில் சூலே என்ற பௌத்த ஆலயம். கிழமேலாகப் பெருஞ்சாலைகள், தென்வடலாகத் தெருக்கள். தாழ்ந்த சதுப்பு நிலத்தை மண் கொட்டி உயர்த்தி, மனை விற்ற பணத்திலேயே வேலையை நடத்தினார்கள். பன்சோடானின் தூண்களைப் பார்த்து இதெல்லாம் விளங்காது. சூலேயில் நின்று மேற்கே மஹாபந்தூலா சாலையில் நடந்தால் தானாக விளங்கும்: 32, 31 என்று இரண்டு எண் தெரு, பிறகு பெயருள்ள போ சுன் பட் தெரு, மறுபடி 30, 29, பிறகு ஷ்வே போந்தா, 28, 27, பிறகு கோன்சேடான். பெயருள்ளது 50 அடி, எண் போட்டது 30 அடி. அகலத்தைப் பார்த்தே எந்தத் தெரு எந்த வகை என்று சொல்லிவிடலாம். இதைச் சொல்லாமல் என்ன கட்டடக்கலை நடை?

நடை தொடங்கும் நேரம் காலை 11 மணியாம். மதிய வெயிலில் யாங்கோனில் நடக்கச் சொன்னவர் இங்கே நடந்து பார்த்தவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. தெருக்கள் தென்வடல் என்பதால் காலையில் தெருவின் மேற்கு வரிசை வீடுகளின் முகப்பில்தான் வெயில் விழும், மாலையில் கிழக்கு வரிசையில். 30 அடிச் சந்தில் நாலு மாடி நிற்கும்போது உச்சிவேளை தவிர மற்ற நேரம் ஒரு பக்கம் நிழல்தான். ஆகவே ஏழு மணிக்கே கிளம்பி, கிழக்கு நடைபாதையில் நின்று எதிர்வரிசையைப் பார்க்க வேண்டும், அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழ்த்தளம் எல்லாம் கடைப் பலகைக்குப் பின்னால் போய்விட்டது. சுண்ணாம்புப் பூச்சில் செய்த அரைத்தூண், மரச் சட்டத்து ஜன்னல், இரும்புக் கிராதி, நெற்றியில் கட்டிய ஆண்டு, முதலாளியின் பெயரெழுத்து எல்லாம் இரண்டாம் மாடிக்கு மேலேதான். அண்ணாந்து கொண்டே நடக்கக் கூடாது. நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட பலகைக்கல், அதில் பாதி ஆடும். நின்று பாருங்கள், பிறகு நடங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

முகவரி விஷயத்துக்கு வருகிறேன். முகவரிப் பட்டியலில் யூத ஆலயம் '26ஆம் தெரு' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். (கட்டுரையாளர் மேற்கே போகவில்லை, ஆனாலும் பட்டியலில் சேர்த்துவிட்டார்!) இங்கே ஒரு தெரு ஆற்றங்கரையிலிருந்து பொஜோ அவுங் சான் சாலை வரை போகும். அனவ்ரதா சாலைக்கு வடக்கே அப்பர் பிளாக், அதற்கும் மஹாபந்தூலாவுக்கும் நடுவே மிடில் பிளாக், கீழே லோயர் பிளாக். எந்த பிளாக் என்று சொல்லாத முகவரி இங்கே முகவரியே இல்லை. 1890களில் கட்டிய அந்த ஆலயம் மஹாபந்தூலா சாலையை ஒட்டி மிடில் பிளாக்கில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். போ சுன் பட் தெருவில் தமிழ் முஸ்லிம்களின் சூலியா ஜாமியா பள்ளிவாசல். 30ஆம் தெருவில் ஷியா மொகல் பள்ளிவாசல். ஷ்வே போந்தாவில் சூரத்து வணிகர்களின் சுன்னி பள்ளிவாசல். கோன்சேடான் வழியே வடக்கே ஏறினால் அனவ்ரதா சாலையில் 1871-இல் தமிழர் எழுப்பிய காளி கோயில். ஷ்வே போந்தா என்பது நம் பெரியவர்கள் சொன்ன மொகல் ஸ்ட்ரீட். செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித் தொழில் நடத்தித் தங்கிய இடங்கள்) வரிசையாக இருந்த தெரு. தெயின்ஜி சந்தையிலிருந்து சூலே வரை சாவகாசமாக நடந்தாலும் ஒரு காலைப்பொழுதுதான்.

தங்கள் இதழில் பர்மா என்றாலே மூன்றுதான் வரும்: ஜப்பானியர் வந்தபோது இந்தியர் நடந்தே வெளியேறிய 1942 நடைப்பயணம், சென்னையின் பர்மா பஜார், அத்தோ நூடுல்ஸ். எல்லோரும் நடந்து போய்விட்டார்கள் என்றே முடிப்பீர்கள். போகாதவர்கள் இருக்கிறோம், இதழை வரவழைத்தும் படிக்கிறோம். தீபாவளி மலரிலும் இதே கதைதான். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 'காலத்தின் கோலத்தால் சிதிலமடைந்த' என்று எழுதியிருக்கிறார். காலம் பாவம், அதன் மேல் எதற்குப் பழி? கார்னிஸ் (சுவர் உச்சியில் நீட்டிய விளிம்பு) இடுக்கில் பறவை போட்ட அரச விதை முளைக்கும். தண்டை மட்டும் வெட்டுவார்கள், வேர் உள்ளே செங்கலைப் பிளந்துகொண்டு போகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பாளம் பாளமாக விழும். கூரை ஓடு நகர்ந்து ஒரு மழைக்காலம் சும்மா விட்டால் தேக்கு உத்தரத்தின் முனை, சுவருக்குள் இருக்கும் அந்த ஒரு முழம், முதலில் இற்றுப்போகும். பார்க்க வருபவர் இதையும் பார்க்கலாம்: ஒரே வரிசையில் சுண்ணாம்பு வீடும் சிமென்ட் பூசிய வீடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

1996-இல் மாநகராட்சி பாதுகாக்கச் சொன்ன 189 கட்டடங்களில் பெரும்பாலானவை அரசு அலுவலகங்களும் வழிபாட்டிடங்களும்தான். 30 அடிச் சந்தின் குடியிருப்பு வீடுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே அவை இடிகின்றன, அந்த இடத்தில் ஆறு மாடி எழும்புகிறது. புதியதிலும் தரகர் சொல்லும் அளவு 12½ அடிக்கு 50 அடிதான். பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே மணி. கடிதத்தைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், ஐந்தாம் மாடிக்காரர் தூக்கிக்கொள்வார். லிஃப்ட் இல்லாத ஊரின் கட்டடக்கலை இதுவும்தான். உங்கள் புகைப்படக்காரர் வந்திருந்தால் இதை விட்டிருக்க மாட்டார்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்கி வரைபடத்தைச் சூலேக்கு மேற்கே ஷ்வேடகோன் பகோடா சாலை வரை நீட்டிப் போடுங்கள், முகவரிகளில் பிளாக்கைச் சேருங்கள். தெருக்களுக்கு இன்றைய பெயரைப் போடுங்கள். பலகையில் அனவ்ரதா என்றிருக்கும்போது 'பிரேசர் ஸ்ட்ரீட்' என்று கேட்டால் டாக்ஸிக்காரர் விழிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
29ஆம் தெரு, மிடில் பிளாக், யாங்கோன்.

பி.கு.: 'உயர் நீதிமன்றம்' என்று படத்துக்குக் கீழே போட்டிருப்பது நகர மண்டபம். ஊ டின் வடிவமைத்து 1936-இல் முடிந்தது, தலையில் பர்மியப் பாணி அடுக்குக் கூரை இருக்கும். உயர் நீதிமன்றம் சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு வைத்தது. அது சூலேக்குக் கிழக்கேதான் இருக்கிறது, உங்கள் கட்டுரையாளர் நடந்த பக்கம்.