கோபத்தோடு கணக்கையும் எடுத்துப் போ

அன்பு மகளுக்கு,

உங்கள் கிளினிக்கில் இனி மெடிகெய்ட்டில், அதாவது அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், உள்ள புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என எழுதியிருந்தாய். கூட்டாளி மருத்துவர்களை நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று திட்டியும் இருந்தாய். உனக்குக் கோபம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் தோற்றுவிடுவாய், அம்மா.

முதலில் பணம். 1965-இல் வந்த அந்தத் திட்டத்தில் கட்டணத்தை அந்தந்த மாநிலம்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அது முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தருவதைவிடக் குறைவு. மீதியை நோயாளியிடம் கேட்கவும் வழியில்லை. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் மத்திய அரசின் பணத்தில் குடும்ப மருத்துவர் போன்ற முதல்நிலை மருத்துவர்களுக்கு மெடிகேர் அளவுக்குக் கட்டணம் கிடைத்தது. அந்தச் சமயத்தில் ஆய்வாளர்கள் பத்து மாநிலங்களில் நோயாளிகளைப் போலத் தொலைபேசியில் அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் பார்த்தார்கள். மெடிகெய்ட் என்று சொன்னவர்களுக்கு முன்பு 58.7 சதவீத அழைப்புகளில் இடம் கிடைத்தது. கட்டணம் உயர்ந்தபின் 66.4 சதவீதம். மருத்துவர்களின் மனம் ஒரே ஆண்டில் இளகிவிடவில்லை.

அப்போதும் மூன்றில் ஓர் அழைப்புக்கு இடமில்லை என்றுதான் பதில் வந்தது. ஆகவே பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிடாதே. அனுப்பிய பில் திரும்பி வருவதும், திருத்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் சிறிய கிளினிக்கை வாட்டிவிடும். பக்கத்துக் கிளினிக்குகள் கதவை அடைத்துவிட்டால் எல்லோரும் நம்மிடமே வந்து குவிவார்களோ என்ற பயமும் இருக்கும். அந்தப் பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நீயே எடுத்துப் பேசு.

இவை எல்லாவற்றையும்விட மருத்துவரைத் தளர வைப்பது இயலாமை என்றே நினைக்கிறேன். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இதில் எதை விட்டால் பரவாயில்லை, டாக்டர்?" என்று கேட்பவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு நாம் படித்த படிப்பில் விடை கிடையாது. இப்படிப் பதில் சொல்ல முடியாத கேள்விகள் தினமும் வந்தால், நல்ல மருத்துவரும் மெல்ல அந்த நோயாளியையே தவிர்க்கத் தொடங்குவார். சொன்னபடி கேட்காதவர், நேரத்துக்கு வராதவர் என்று காரணமும் கண்டுபிடித்துவிடுவார். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் வேலையை விட்டு வருவதே நஷ்டத்தில்தான். பஸ் தாமதமாகி இருபது நிமிடம் பிந்தி வருபவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவர் வரவே மாட்டார். நோய் முற்றியபின் அவசரச் சிகிச்சைப் பிரிவில்தான் போய் நிற்பார். 1986-இன் சட்டப்படி அங்கே அவரைப் பார்க்காமல் அனுப்ப முடியாது.

அதனால் கூட்டத்துக்கு முன் பில் பிரிவில் உட்கார்ந்து கணக்கெடு. எத்தனை பில்கள் திரும்பின, எதனால், பணம் வர எத்தனை நாளாயிற்று என்று பார். கதவை அடைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு மருத்துவரும் இத்தனை பேர் என்று சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் எனச் சொல். வாரத்தில் சில மணி நேரம் முன்பதிவில்லாமல் பார்க்கலாம் என்று கேள். மருந்து உதவி, போக்குவரத்து உதவி ஆகியவற்றைக் கவனிக்கப் பகுதி நேரமாவது ஒரு சமூகப் பணியாளர் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. அந்த ஒருவர் இருந்தால் உன் கூட்டாளிகளின் பாதித் தயக்கம் போய்விடும்.

கணக்கு கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்பு. கூட்டத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா