மீன் காட்சியக நிர்வாகத்துக்கு: உட்கார ஓர் இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் ஒருவழிப் பாதையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தால் திரும்ப வழி கிடையாது, அரை இருட்டில் வளைந்து வளைந்து நடந்து கடைசியில் பொம்மைக் கடைக்கு வந்தால்தான் வெளிச்சம். இடையில் எங்கேயும் ஒரு பெஞ்ச்கூட இல்லை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான், பலரும் சொல்லியிருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவுக்கு நடந்ததற்குப் பிறகு நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கடற்குதிரைத் தொட்டி வரை சமாளித்துவிட்டார். வாலைப் புல்லில் சுற்றிக்கொண்டு ஆடாமல் நின்ற ஒன்றைக் காட்டி, "இதுல அப்பாதான் வயித்துப் பையில சுமந்து குட்டிய வெளிய விடும், பாட்டி" என்று என் மகள் சொன்னபோது குனிந்து பார்த்துச் சிரித்தார். அதற்கடுத்த வளைவில் கால் நடுங்கத் தொடங்கியது. சுவரோரம் இருந்த படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் காவலர் வந்து, "இங்க உட்காரக் கூடாதும்மா, வழி மறிக்குது" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. சரி, வேறு இடம் காட்டுங்கள் என்றேன். அவரும் சுற்றும் முற்றும் பார்த்தார். காட்டுவதற்கு இடம் இருந்தால்தானே! அப்புறம் அம்மா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்கு மேலே சுறா போனது, பிள்ளைகள் கத்தினார்கள், அவர் நிமிரவே இல்லை.

தயவுசெய்து உட்கார இடம் போடுங்கள். வயதானவர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. கர்ப்பிணிகள் வருகிறார்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் தேடுகிறவர்கள் வருகிறார்கள். மீன் பார்ப்பதே பொறுமையாகச் செய்கிற வேலை. மணலில் பாதி உடம்பைப் புதைத்து நிற்கும் அந்தக் கார்டன் ஈல் என்கிற விலாங்கு மீன்கள் ஆள் அசைந்தாலே உள்ளே போய்விடும், அசையாமல் காத்திருந்தால்தான் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். ஆக்டோபஸும் கல்லிடுக்கைவிட்டு வர நேரம் எடுக்கும். நிற்க முடியாதவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள்?

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோட்டால் தண்ணீரின் சின்ன அசைவையும் உணர்கிற உயிர்கள் மீன்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமையும் இல்லை, முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அன்றைக்கு ஒருவர் மோதிரக் கையால் தட்டிக்கொண்டே இருந்தார், யாரும் தடுக்கவில்லை. படியில் உட்கார்ந்த என் அம்மாவை மட்டும் உடனே எழுப்பினீர்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. கடற்குதிரைத் தொட்டி எதிரில் ஒரு பெஞ்ச், சுரங்கத்துக்கு முன்னால் ஒன்று, பெரிய தொட்டி எதிரில் இரண்டு. சுவரோடு ஒட்டிய மடக்குப் பலகையாக இருந்தால் வழியும் மறிக்காது. முதுகுக்குச் சாய்மானமும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருந்தால் போதும். போட்டதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். அவர் இன்னும் சுறாவைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
அன்று உங்களிடம் வந்த ஒரு குடும்பத்திலிருந்து