டைட்டானியம் ரேசர் மதிப்பீடு: உலோகத்தப் பாத்தீங்க, ஹெட்டப் பாக்கலியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல வந்த டைட்டானியம் டபுள் எட்ஜ் ரேசர் (ரெண்டு பக்கமும் வெட்டற தனி பிளேடு மாட்டற ரேசர்) மதிப்பீட்டப் படிச்சேன். முழுப்பக்கம், நல்ல போட்டோ எல்லாம் சரி, ஆனா படிச்சு முடிச்சப்புறமும் இந்த ரேசர் எப்படி ஷேவ் பண்ணும்னு எனக்குத் தெரியல. பெட்டி எப்படி இருந்துச்சு, கையில எடுத்தா எவ்வளவு லேசா இருந்துச்சு, விமானத்துக்கும் எலும்பு ஆபரேஷனுக்கும் போடற உலோகம் இதுன்னு பத்தி பத்தியா இருக்கு. கடைசில டைட்டானியம்ங்கறதால ஷேவ் வழுவழுன்னு இருந்துச்சுன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், ஏன்னா அத நம்பி பெரிய காசு போட்டு வாங்கறவங்க நிறைய பேர் இருப்பாங்க.

முடியை வெட்டறது டைட்டானியம் இல்ல சார், பிளேடு. அது எந்த ரேசர்ல மாட்டினாலும் அதே ஸ்டீல் பிளேடுதான், 22 மில்லிமீட்டர் அகலம், 43 மில்லிமீட்டர் நீளம், தடிமன் வெறும் 0.1 மில்லிமீட்டர். கில்லெட் 1903ல விக்க ஆரம்பிச்ச ரேசர்லயிருந்து இன்னிக்கு வர்ற விலை உசந்த ரேசர் வரைக்கும் அடிப்படை வேலை ஒண்ணுதான், அந்த மெல்லிசான தகட்ட வளைச்சுப் புடிச்சு சரியான கோணத்துல தோல் மேல நிறுத்தணும். 2020ல அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சே ஷேவிங் பிளேடு முடிய வெட்டறதப் பாத்தாங்க. ஸ்டீலை விட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடு முனையை உடைக்குதுங்கறதுதான் கேள்வி. முடி ஃப்ரீயா வளையறப்போ, பிளேடுல சாய்வா மோதறப்போ, அந்த இடத்துல ஸ்டீலோட உள் அமைப்பு ஒரே சீரா இல்லாம இருந்தா சின்னச் சின்ன சில்லு தெறிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது முனை எவ்வளவு நாள் தாங்கும்ங்கறது பிளேடோட ஸ்டீல், முடி, கோணம் இதுல இருக்கு. ஹேண்டில் என்ன உலோகம்ங்கறது இதுல எங்கயுமே வரல.

அப்ப ரேசருக்கு ரேசர் என்னதான் வித்தியாசம்னா, ஹெட். மேல் மூடி, அடித்தட்டு, நடுவுல பிளேடு. இந்த மூணும் உக்கார்ற விதத்துலதான் எல்லாமே இருக்கு, உங்க மதிப்பீட்டுல இதப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. பிளேடு முனைக்கும் சேஃப்டி பாருக்கும், அதாவது பிளேடுக்குக் கீழ தோல் மேல படியற அடித்தட்டு விளிம்புக்கும், நடுவுல இருக்கற இடைவெளி எவ்வளவுன்னு போடல. சாதாரணமா அரை மில்லிமீட்டர் அளவுல இருந்தா சாதுவான ரேசர்னு சொல்லுவாங்க, ஒரு மில்லிமீட்டர் கிட்ட வந்தா நல்லா கடிக்கும், அடர்த்தியான தாடிக்கு ஆகும், மென்மையான தோலுக்கு ஆகாது. ஆனா இடைவெளி மட்டும் பாத்து முடிவு பண்ணவும் முடியாது. மேல் மூடியோட விளிம்பையும் சேஃப்டி பாரையும் தொடற மாதிரி ஒரு நேர்கோடு போட்டா, பிளேடு முனை அந்தக் கோட்டத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா, கோட்டு மேலயே நிக்கிதா, உள்ள அடங்கி இருக்காங்கறது இன்னொரு கணக்கு. இடைவெளி பெருசா இருந்தும் முனை உள்ளடங்கி இருந்தா ஷேவ் மெத்துனு போகும். இடைவெளி சின்னதா இருந்து முனை வெளிய நீட்டிக்கிட்டிருந்தா கழுத்துல தெரியும். இந்த ரெண்டு நம்பரும் இல்லாம ஒரு ரேசர் சாதுவா முரடான்னு சொல்றதுக்கு வழியே இல்ல.

மூணாவது விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம், பிளேட முனைக்கு எவ்வளவு பக்கத்துல அழுத்திப் புடிச்சிருக்குங்கறது. 0.1 மில்லிமீட்டர் தகடு சார் அது, முனைல இருந்து தள்ளிப் புடிச்சா தடிச்ச முடில மோதும்போது அதிரும், தோல்ல தடதடன்னு ஒரு உணர்வு வரும், அங்கதான் எரிச்சல் ஆரம்பிக்கும். விலை உசந்த ரேசர்ல காசு நியாயமா போகற இடம் இதுதான்னு நான் நினைக்கறேன், அச்சுல வார்க்காம கட்டியா இருக்கற உலோகத்துல இருந்து சி.என்.சி மெஷின்ல (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல் மெஷின்) குடைஞ்சு எடுக்கறதால மேல் மூடியோட வளைவும் அடித்தட்டோட வளைவும் துல்லியமா பொருந்தும், பிளேடு அசையாது. அதே துல்லியத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் பித்தளைலயும் கொண்டு வர முடியும், அது டைட்டானியத்தோட தனிச் சொத்து இல்ல.

இதச் சோதிக்கறது கஷ்டமே இல்ல. பிளேட மாட்டி முழுசா முறுக்கிட்டு, ரேசரோட ஹெட்ட கண்ணுக்கு நேரா வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சு ஒரு ஓரத்துல இருந்து பாருங்க. ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப் பாக்கணும், ஒரு பக்கத்துக்குள்ளயே இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வெளிச்சக் கோடு ஒரே தடிமனா போகணும். அந்தக் கோடு ஒரு ஓரத்துல அகலமா ஆரம்பிச்சு இன்னொரு ஓரத்துல மெலிஞ்சு போச்சுன்னா பிளேடு சாஞ்சு உக்காந்திருக்குன்னு அர்த்தம், அப்ப ஒரு பக்கம் கடிக்கும் ஒரு பக்கம் வெட்டாது. பிளேட ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாத்தும் சாய்வு அதே பக்கம் இருந்தா தப்பு ரேசர் மேலதான். எனக்கு வந்த ஒரு டைட்டானியம் ரேசர்லயே இந்த சாய்வு இருந்துச்சு, திருப்பி அனுப்பினேன், கம்பெனி பேரு இங்க வேண்டாம். பளபளப்பும் வேலைப்பாடும் குறையே சொல்ல முடியாது, ஆனா ரேசர் செய்ய வேண்டிய ஒரே வேலைய அது செய்யல.

டைட்டானியத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல. நல்ல குணங்கள் நிஜமாவே இருக்கு, ஆனா அது வேற இடத்துல இருக்கு. மலிவு ரேசர் நிறைய துத்தநாகக் கலவைல வார்த்து மேல குரோம் பூசறாங்க. பூச்சுல ஒரு கீறல் விழுந்து தண்ணி உள்ள போச்சுன்னா உள்ள இருக்கற உலோகம் பொரிஞ்சு பொரிஞ்சு வரும், மேல் மூடில இருக்கற மரைத்தண்டு ஒரு நாள் முறுக்கும்போது ஒடிஞ்சு கையோட வரும். கட்டி டைட்டானியத்துல உரியறதுக்குப் பூச்சே இல்ல, மேல தானா படியற ஆக்சைடு படலமே காவல், சோப்புத் தண்ணி, உப்புத் தண்ணி எதுவும் ஒண்ணும் செய்யாது. குரோம் பூச்சுக்கு அடில பெரும்பாலும் நிக்கல் இருக்கும், ஸ்டெயின்லெஸ்லயும் நிக்கல் கலப்பாங்க, நிக்கல் அலர்ஜி இருக்கறவங்களுக்கு டைட்டானியம் வாங்க இது ஒரு நியாயமான காரணம். உங்க மதிப்பீடு இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லியிருக்கலாம், யாருக்காவது நிஜமா உதவியிருக்கும்.

அடுத்து எடை. டைட்டானியம் கலவைல ஒரு கன சென்டிமீட்டர் 4.43 கிராம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிட்டத்தட்ட 8. அதனால 100 கிராம் ஸ்டீல் ரேசர அச்சு அசலா அதே வடிவத்துல டைட்டானியத்துல செஞ்சா 55 கிராம் பக்கம்தான் வரும். லேசா இருக்கறது உசத்தின்னு எழுதியிருக்கீங்க, அது பழக்கத்தப் பொறுத்தது. கனமான ரேசர்ல அதோட எடையே வேலைய செய்யட்டும்னு விட்டுப் பழகினவங்க, லேசான ரேசர் கைல வந்ததும் தங்களுக்கே தெரியாம அழுத்துவாங்க, அழுத்தினா சேஃப்டி பாருக்கும் முனைக்கும் நடுவுல தோல் உப்பி மேல வரும், முனை அத சீவிட்டுப் போகும். அதே லேசான ரேசர், மூக்குக்குக் கீழயும் தாடை வளைவுலயும் சட்டுனு திரும்பும், அது பெரிய சுகம். ரெண்டையும் எழுதணும். ஈரக் கைல சோப்போட புடிச்சா வழுக்குதா, ஹேண்டில்ல சொரசொரப்பு ஆழமா வெட்டியிருக்கா மேலாப்ல கீறியிருக்கா, இதுவும் எழுதணும்.

இன்னொண்ணு, விலை ஏன் இவ்வளவுன்னா டைட்டானியம் அரிய உலோகம்னு போட்டிருக்கீங்க. பூமில அது அரிதே இல்ல, மேலோட்டுல அதிகமா இருக்கற தனிமங்கள்ல ஒன்பதாவது இடம். தாதுல இருந்து பிரிச்சு எடுக்கறதுதான் செலவு, அப்புறம் கடையறது. டைட்டானியம் சூட்ட சரியா கடத்தாது, வெட்டும்போது வர்ற சூடெல்லாம் வெட்டற டூலோட நுனிலயே நிக்கும், டூல் சீக்கிரம் மழுங்கும், மெஷின மெதுவா ஓட்டணும். விலைல பெரிய பங்கு அந்த மெஷின் நேரத்துக்குப் போகுது. வாங்கறவர் அதத் தெரிஞ்சு விரும்பி வாங்கினா ரொம்ப சந்தோஷம், நல்ல கைவேலைக்குக் காசு குடுக்கறதுல தப்பே இல்ல, ஆனா கூட ஒரு மெத்தான ஷேவும் சேந்து வருதுன்னு சொல்லி வாங்க வைக்கக் கூடாது.

வாங்கறதுக்கு முன்னாடி பெட்டில எழுதியிருக்கறத நிதானமா படிக்கச் சொல்லுங்க. டைட்டானியம்னு பெருசா போட்டுட்டு உள்ள வேற உலோகத்து மேல டைட்டானியம் நைட்ரைடு பூச்சு மட்டும் இருக்கும், தங்க நிறத்துல மின்னும், சிலதுல டைட்டானியம்ங்கறது கலர் பேரு மட்டும்தான். காந்தம் வச்சுப் பாக்கறது பிரயோஜனமில்ல, பல ஸ்டெயின்லெஸ் ரேசர்லயும் காந்தம் ஒட்டாது. அடர்த்தியப் பாத்தாதான் தெரியும், அது வீட்லயே முடியும். ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி கிராம் காட்டற எடை மெஷின் மேல வச்சு மெஷின சைபர் ஆக்குங்க. ரேசரக் கழட்டி, ஹேண்டில முதல்ல தனியா எடை போட்டுக்கிட்டு, அத மெல்லிசான நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி, அடியையோ பக்கத்தையோ தொடாம, கையால தொங்க விடுங்க. இப்ப மெஷின் காட்டற கிராம்தான் ஹேண்டிலோட கன அளவு. காத்துல 40 கிராம், தண்ணில மெஷின் 9 காட்டுச்சுன்னா 40ஐ 9ஆல வகுத்தா 4.4, டைட்டானியம்தான். 8 பக்கம் வந்தா ஸ்டீல், எட்டரைன்னா பித்தளை, 6.6 பக்கம்னா துத்தநாகக் கலவை, 2.7ன்னா அலுமினியம். மரை ஓட்டைக்குள்ள காத்துக் குமிழி மாட்டிக்காம பாத்துக்கணும், குழலா இருக்கற ஹேண்டில்னா உள்ள தண்ணி நிறையற வரைக்கும் ஆட்டணும், இல்லன்னா கணக்கு தப்பும்.

கவனிக்க வேண்டிய ஒரு குறையும் இருக்கு, யாரும் எழுதறதில்ல. டைட்டானியம் மேல டைட்டானியம் உரசினா மேல இருக்கற ஆக்சைடு படலம் கிழிஞ்சு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். மரை ரெண்டு பக்கமும் டைட்டானியம்னா காஞ்ச மரைய பலமா முறுக்கவே கூடாது, துளி சிலிகான் கிரீஸ் தடவி விரல் பலத்துல முறுக்கினா போதும். மரைல சோப்புப் படிவு சேர விடாம கழுவணும்.

கடைசியா சோதிக்கற முறை. உங்க மதிப்பீட்டாளர் புது பிளேடு போட்டு ஒரே ஒரு ஷேவ்ல முடிவுக்கு வந்துட்டார்னு எழுத்துலயே தெரியுது. புது பிளேடுல எந்த ரேசரும் நல்லாத்தான் இருக்கும். ஒரே பாக்கெட் பிளேடு, ஒரே சோப்பு வச்சு, முகத்துல பாதி புது ரேசர்ல, பாதி பழகின ரேசர்ல, மறுநாள் பக்கத்த மாத்தி, பிளேடு மழுங்கற வரைக்கும் போகணும். முடி வளர்ற திசைல ஒரு தடவை, எதிர்த்திசைல ஒரு தடவை. ஷேவ் முடிஞ்ச உடனே தடவிப் பாத்து எழுதறத விட மறுநாள் காலைல கழுத்து எப்படி இருக்குன்னு பாத்து எழுதணும், எரிச்சலும் உள்ள மடங்கி வளர்ற முடியும் அப்பதான் காட்டிக் குடுக்கும்.

அந்த ரேசர் இன்னும் உங்க அலுவலகத்துல இருந்தா, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், முனை கோட்டுக்கு வெளியவா உள்ளயா, ரெண்டு பக்கமும் பிளேடு சமமா நிக்குதா, அடித்தட்டு மட்டும் தனியா விக்கறாங்களா, இந்த நாலையும் அளந்து கேட்டு அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா போட முடியுமா?

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்