பெரிய கோபுரம் ஒண்ணுதான்பா

பாப்பா,

மும்பை தாஜ் ஓட்டல் எதிரே நின்று நீ அனுப்பிய போட்டோவும், கீழே எழுதியிருந்த "பெரிய கோபுரம் ஒண்ணுதான்பா இருக்கு" என்ற வரியும் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. போனில் பேசினால் மழுப்பிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

2008 நவம்பர், நிஷா புயல் மழை, உனக்கு ஸ்கூல் லீவு. அவ்வளவு மழையிலும் நம் தெருவில் கரண்ட் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீவிரவாதிகள் புகுந்த தாஜ் ஓட்டலின், புகை கக்கும் அந்தக் கோபுரத்தை டிவியில் காட்டும்போதெல்லாம் நீ நோட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறாய், பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. சனிக்கிழமை காலை சண்டை முடிந்தது என்று சொன்னபோது நோட்டைக் கொண்டுவந்து, "முப்பத்தேழு எரிஞ்சிடுச்சுப்பா, நம்ம வீடு எப்போ?" என்று கேட்டாய்.

சிரித்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியும் சிரித்தேன். 2001ல் நியூயார்க் கட்டடங்கள் விழுந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று விழுகிறது என்றே சின்னக் குழந்தைகள் சிலர் நினைத்தார்களாம். இதைப் படித்தது பல வருடம் கழித்து. அதற்குள் நீ தினமும் ராத்திரி மர ஸ்டூலை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தாய், படுக்கையை நனைத்தாய், அதற்காக நான் உன்னை அடித்தும் இருக்கிறேன்.

உன் சித்தப்பா அப்போது மும்பையில் இருந்தான், லைன் கிடைக்கவில்லை, டிவியை விட்டால் வேறு என்ன வழி? ஆனால் வியாழன் மதியமே அவன் பேசிவிட்டான். அப்புறமும் இரண்டு நாள் ஓடவிட்டது நான்தான். அம்மா அன்று சமையலறையிலிருந்து சொன்னதை இங்கே எழுத மாட்டேன், சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள்.

அதற்காக வளைகாப்பு வீட்டில் அத்தனை பேர் முன்னால், "எங்கப்பாவுக்கு நியூஸ்தான் முக்கியம்" என்று நீ சொல்லியிருக்க வேண்டாம். ராத்திரி ராத்திரியாக உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவனும் நான்தானே, அது ஏன் உனக்கு ஞாபகம் வரவில்லை?

அந்த நேரலையை உச்ச நீதிமன்றமே 2012ல் கண்டித்தது, தீவிரவாதிகளுடன் நடக்கும் சண்டையை நேரலையாகக் காட்ட 2015ல் தடை விதியும் வந்தது. எல்லாம் உள்ளே சண்டை போடும் கமாண்டோக்களின் உயிருக்காக, சரிதான். தரையில் உட்கார்ந்து கோடு போட்ட குழந்தைக்கு வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

நேற்று கேபிளைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். இதை உனக்குப் பெரிதாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், தனியாகப் பதில் போடு. மும்பை ரூமில் ராத்திரி கதவுக்கு எதையாவது முட்டுக்கொடுக்கிறாயா?

அப்பா