அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சின்னவளுக்குப் பரீட்சை, அத்தைக்கு முழங்கால் வீக்கம். உட்கார்ந்து எழுத நேரமே வாய்க்கவில்லை. உன் மாப்பிள்ளைக்கு ஓசூர் மாற்றல் உறுதியாகிவிட்டதா?

நீ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ‘தி ஃபர்காட்டன்’ படத்தைச் சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். 2004இல் வந்தது, ஜூலியன் மூர் நடித்தது. உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதமே.

ஆரம்பம் என்னமாய் இருக்கிறது! விமான விபத்தில் மகனைப் பறிகொடுத்துப் பதினாலு மாசமாகியும் அவன் சாமான்களை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் ஒருத்தி. ஒருநாள் பார்த்தால், மூன்று பேர் இருந்த போட்டோவில் இரண்டு பேர்தான். ஆல்பம் காலி. வீடியோ கேசட்டில் ஒன்றுமில்லை. ‘உனக்குப் பிள்ளையே இல்லை, கரு கலைந்த துக்கத்தில் நீயாகக் கற்பனை பண்ணிக்கொண்டது’ என்கிறார்கள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அதே விமானத்தில் போன இன்னொரு குழந்தையின் அப்பன், எனக்கு மகளே கிடையாது என்று சாதிக்கிறான். இவள் அவன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பிய்க்கிறாள். அடியில் அந்தக் குழந்தை வரைந்த படங்கள்! அங்கேயே நிறுத்திவிட்டு நான் தூங்கப் போயிருக்கலாம்.

அப்புறம் எல்லாம் வேற்றுக்கிரகவாசிகளின் சோதனையாம். கூரையோடு ஆளை வானம் உறிஞ்சிக்கொள்கிறது. முதல் தடவை துள்ளிவிட்டேன், அடுத்த தடவை சிரிப்பு வந்தது. இதை இயக்கிய ஜோசப் ரூபன்தானே 1991இல் ஜூலியா ராபர்ட்ஸ் படத்தில் குளியலறைத் துண்டுகளை நேராக அடுக்கிவைத்தே நம்மை நடுங்கவைத்தவர்!

எங்கள் அத்தையை உனக்குத் தெரியும். கணக்கெடுக்க யார் வந்தாலும் “எனக்கு அஞ்சு” என்பார். “நாலுதானேம்மா” என்று இவர் திருத்துவார். மூணாவது பிள்ளை பதினோரு மாசத்தில் அம்மை போட்டுப் போய்விட்டது. போட்டோ கிடையாது. தூக்கிக் கொஞ்சினவர்கள் ஒருத்தரும் இப்போது உயிரோடில்லை. ஒரு வெள்ளி அரைஞாண் இருந்ததாம், அதுவும் அடகுக்கடையில் மூழ்கிவிட்டது. அத்தை சொல்வதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு சாட்சி இல்லை. இந்த இடத்தில்தான் அந்தப் படம் நின்றிருக்க வேண்டும். கடைசியில் மகனின் நினைவை உருவிய பிறகும், வயிற்றில் சுமந்தது மட்டும் அவளுக்கு மறக்காமல் இருக்கிறதே, அந்த ஒரு நிமிஷத்துக்கு ஜூலியன் மூரைக் கும்பிடலாம். பேயறைந்தாற்போல் அலறும் அந்த வேற்றுக்கிரக ஆசாமியை யார் கேட்டார்கள்?

படம் முடியும் நேரத்தில் அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். என்ன கதை என்றார், சுருக்கமாகச் சொன்னேன்.

“புள்ள கெடைச்சுதா?”

“கெடைச்சுது.”

“அப்புறம் என்ன, நல்ல படந்தான்” என்று சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவணிக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. மீதித் திட்டு நேரில்.

உன்
வசந்தி