துடுப்பைத் திருப்பிக் கொடுங்கள்

டர்பன் வட்டாரக் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன ஆடியில் நம் பக்கத்துக் கோயில் ஒன்றில் கூழ் ஊற்றினார்கள். கோயில் பேர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். என் சின்னம்மா மகள் விடியற்காலை நாலு மணிக்கே போய் அடுப்பு மூட்டி, மாவு கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருந்தாள். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "நீ போய் முன்னால உட்காரும்மா" என்று துடுப்பை வாங்கி இன்னொருத்தி கையில் கொடுத்தார். அவள் கிளினிக்கில் எச்ஐவி மாத்திரை வாங்க வரிசையில் நின்றதை யாரோ பார்த்து, அது கோயில் வரைக்கும் வந்திருக்கிறது. அவர் அதட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சமைப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்ஐவி பரவாது. ஒழுங்காக மாத்திரை போட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவில்கூடப் புருஷனுக்குத் தொற்றாது. இதில் கூழ்ப்பானைக்கு என்ன பயம்?

"எங்கள் கோயில், எங்கள் இஷ்டம்" என்பீர்கள். சரி, நம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தைப் பார்ப்போம். எச்ஐவி இருக்கிறது என்று விமானப் பணியாளர் வேலை மறுக்கப்பட்ட ஹாஃப்மனுக்கு அந்த வேலையைக் கொடுக்கச் சொல்லி, 2000-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தென்னாப்பிரிக்க ஏர்வேஸுக்கு உத்தரவு போட்டது. 1998-ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் எச்ஐவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மடப்பள்ளிக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது தொழிலாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் எச்ஐவி பரிசோதனை கேட்க முடியாது. சம்பளமில்லாத தொண்டர்தானே என்றால், 2000-இல் வந்த சமத்துவச் சட்டம் தனியார் அமைப்புகளையும் விட்டுவைக்கவில்லை. சமத்துவ நீதிமன்றத்துக்குப் போக வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அவளை நான் இன்னும் அங்கே கூட்டிப் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அவளுக்கு எச்ஐவி என்று கோயில் வரைக்கும் வந்த அந்தப் பேச்சு. மூன்று பெண்களுக்கு எச்ஐவி இருப்பதை அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரோடு ஒரு புத்தகத்தில் அச்சடித்தது அந்தரங்க உரிமையையும் மானத்தையும் மீறியது என்று 2007-இல் அதே அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. புத்தகத்தில் போட்டதற்கே அப்படி என்றால், கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வதற்கு என்ன பேர்? ஃபீனிக்ஸுக்குப் பக்கத்துக் குவாமாஷூவில், தனக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொன்ன குகு டிலாமினியை 1998 டிசம்பரில் அடித்தே கொன்றார்கள். அவராவது தானாகச் சொன்னார். இவளுக்கு அந்த உரிமையும் கிடைக்கவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம், கருத்தரங்கு எதுவும் வேண்டாம். துடுப்பை வாங்கியவர் ஆடி பிறப்பதற்குள் அவளுக்கு ஒரு போன் போட்டு, இந்த வருஷமும் நாலு மணிக்கு வந்துவிடச் சொன்னால் போதும். நம்பர் உங்கள் தொண்டர் நோட்டில் இருக்கிறது, அவள் பேரை அடித்துவிடாமல் இருந்தால்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து அவள் அக்கா