மூலைக் குவியல்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் பேரனுக்கு மொட்டை போட்ட படம் பார்த்தோம். காது அப்படியே உன்னுடையது, பாவம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது சாம்பாரில் கிடக்கிற கடுகைக்கூட எண்ணிக் காட்டுகிறார். பதில் தாமதமானதற்கு எங்கள் பவுண்டரிதான் காரணம். போனில் பாதிதான் சொன்னேன். வக்கீலாகப் பிறந்த பாவத்துக்கு மீதியையும் கேள்.

பெரிய மேஸ்திரி ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் மோல்டிங், அதாவது உருக்கிய உலோகத்தை ஊற்ற மணலில் அச்சு அடிக்கிற வேலை, பார்த்தவர். மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். விரல் தடம் பதிய வேண்டும், நடுவில் ஒடித்தால் விளிம்பு உதிராமல் நிற்க வேண்டும். நின்றால் "போடுங்க" என்பார். கையில் ஒட்டினால் தண்ணீர் ஜாஸ்தி, பொலபொலத்தால் கம்மி. ஈரம் பார்க்க லேபில் மெஷின் இருக்கிறது. அந்த ரிசல்ட் வருவதற்குள் அவர் ஆட்கள் நாலு அச்சுப் பெட்டி அடித்து முடித்திருப்பார்கள்.

அவர் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஹெச்.ஆர். ஆலோசகர் வந்து, எல்லோரிடமும் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். முழுக்க இங்கிலீஷ். இங்கே கற்றது, கண்டுபிடித்தது, குறித்து வைத்தது எல்லாம் கம்பெனி சொத்து. விலகினால் இரண்டு வருஷத்துக்கு மாவட்டத்துக்குள் இன்னொரு பவுண்டரியில் கால் வைக்கக் கூடாது. மேஸ்திரி கேள்வி கேட்காமல் போட்டுக் கொடுத்தார். "போனஸ் பேப்பர்னு நெனச்சேனுங்க" என்று பிறகு சொன்னார். அந்த ஒப்பந்தம் இன்றைக்கும் இரும்பு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவர் போன மூன்றாவது வாரம் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர்களில் ரிஜெக்‌ஷன் ஏறத் தொடங்கியது. லேத்தில் மேல்தோலைச் சீவியதும் உள்ளே ஊசி குத்தினாற்போலத் துளைகள். மணலைப் பிணைக்கிற பென்டோனைட் களிமண்ணை மாற்றினோம், நிலக்கரித் தூளைக் கூட்டினோம், குறைத்தோம். கடைசியில் முதலாளிக்கு ஒரு சந்தேகம்: "ஃபார்முலா நோட்டை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார், நோட்டீஸ் விடலாம்."

அந்த ராத்திரிதான் உன்னைக் கூப்பிட்டேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவரைத் தன் தொழிலைச் செய்யாதே என்று கட்டிப்போடும் ஷரத்து செல்லாது என்றாய். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டமே இந்தியாவில் இல்லை. சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆவது அறிக்கையில் ஒன்று வேண்டும் என்று சிபாரிசு செய்ததோடு நிற்கிறது. அதுவரை ஒப்பந்தத்தையும் நம்பிக்கை மீறலையும் வைத்துத்தான் கோர்ட்டில் வாதாட முடியும் என்றாய். நோட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்தாய். பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. ஆனால் அந்த உரிமை எழுத்துக்குத்தான், அதிலிருக்கும் விஷயத்துக்கு இல்லை.

அந்த நோட்டைப் பிறகு கண்ணால் பார்த்தேன். சட்டைப்பை அளவு. ஒரு பக்கம் எந்த வார்ப்புக்கு ரைசர் (வார்ப்பு இறுகும்போது உலோகம் ஊட்டுகிற குழி) எவ்வளவு என்ற கணக்கு, எதிர்ப்பக்கம் வீட்டுப் பால் கணக்கு. பால் கணக்கு யாருக்குச் சொந்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதில் நான் ஒரு கிலோ மைசூர்பாகோடு இருகூர் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்தார். ஃபர்னஸ் பக்கம் திரும்பவில்லை. மணல் குவியலில் நேராகக் கையை விட்டவர், "ஏந்தம்பி, சுடுது?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பெட்டி உடைத்துக் கொட்டின மணலை நாங்கள் அந்தச் சூட்டோடேயே திரும்ப மிக்ஸருக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். சுடு மணலில் விட்ட தண்ணீர் நிற்காது, பென்டோனைட்டும் சரியாக ஊறாது. ஆவி, அச்சு எடுக்கிற குளிர்ந்த பேட்டர்ன் மேல் வேர்த்து, உலோகம் ஊற்றும்போது வாயுவாகிக் குமிழ் விடும். அவர் இருந்த காலத்தில் மூலையில் முந்தின நாள் குவியல் ஒன்று எப்போதும் கிடக்கும், மணல் அதிலிருந்துதான் போகும். அவர் போனதும் 5 எஸ், அதாவது பட்டறையை ஒழுங்காகச் சுத்தமாக வைக்கிற முறை, என்று சொல்லி, புது சூப்பர்வைசர் அந்த மூலையைக் காலி பண்ணி மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டிருந்தார். படம் எடுத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருந்தோம்.

"ஆறட்டும்னுதான் மூலைக் குவியலிலிருந்து மணல் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "அட அதெல்லாம் இல்லீங்க. அங்கிருந்துன்னா ட்ராலி இழுக்கச் சுளுவு." முப்பத்தோரு வருஷமாக எங்கள் வார்ப்பைக் காப்பாற்றின சங்கதி அவருக்கே தெரியாது, மாப்பிள்ளை! பன்னிரண்டு பக்கத்தில் எந்த ஷரத்து இதைப் பிடித்து வைத்திருக்கும்?

இதை மகளிடம் சொன்னபோது அவள் ஒரு அமெரிக்கக் கதையை எடுத்துக் கொடுத்தாள். டபிள்யூ76 என்ற அணுகுண்டுக்குள் ஃபாக்பேங்க் என்று ஒரு பொருள். என்னவென்றே வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவு ரகசியம். டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஆலையில் 1989 வரை செய்தார்கள். 2000-க்குப் பிறகு பழைய குண்டுகளைப் புதுப்பிக்க மறுபடி செய்யப் பார்த்தால் வரவில்லை. குறிப்புகள் சொற்பம், தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள் என்று அவர்கள் அரசுத் தணிக்கை அறிக்கையே 2009-இல் எழுதியிருக்கிறது. கடைசியில் பார்த்தால், பழைய மூலப்பொருளில் கலந்திருந்த ஒரு அழுக்குதான் சரக்கைச் சரியாக்கியிருக்கிறது. புது ஆலையில் நன்றாகச் சுத்தம் செய்து அதை நீக்கிவிட்டார்கள். எங்கள் 5 எஸ் மாதிரியே.

முதலாளி இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறார். மணல் முறைக்கு பேட்டண்ட் எடுக்கலாமா என்கிறார். மணலை ஆற வைப்பது ஊருக்கே தெரிந்தது, புதுமை எங்கே என்றேன். அப்படியே கிடைத்தாலும் இருபது வருஷ உரிமைக்கு விலையாக, தெரிந்ததிலேயே சிறந்த முறையை விண்ணப்பத்தில் விளக்கியாக வேண்டும். பக்கத்து ஷெட்டுக்காரன் படித்துவிட்டுச் செய்தால் எந்தக் கதவு வழியாகப் போய்ப் பார்ப்பது? அதோடு, உரிமை கம்பெனிக்கு என்றாலும் கண்டுபிடித்தவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும் என்றதும் சற்று யோசித்தார்.

பெயர் என்றதும் ஜெராக்ஸ் கம்பெனி ஞாபகம் வந்தது. மெஷின் ரிப்பேருக்குப் போகிறவர்கள் மேனுவலைவிட, சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்ளும் கதைகளில்தான் தொழில் கற்கிறார்கள் என்று அங்கே உடனிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிறகு யுரேகா என்று ஒரு தொகுப்பு வைத்தார்கள். யாரும் தன் உத்தியைத் தரலாம், சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், தந்தவர் பெயரோடு உலகம் முழுக்கப் போகும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. எங்கள் ஐ.எஸ்.ஓ. தரச்சான்று ஃபைலில் முப்பத்தோரு வருஷத்தில் மேஸ்திரி பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஹெல்மெட் வாங்கிக்கொண்ட ரசீதில்.

இப்போது வாரம் இரண்டு காலை வருகிறார். இரண்டு பையன்கள் கூடவே நிற்கிறார்கள், ஒருவன் செல்போனில் படம் பிடிக்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் அப்படி?" என்று கேட்டு எழுதுகிறேன். பாதிக்குமேல் "பழக்கமுங்க" என்றுதான் பதில் வருகிறது. அதையும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

இதற்கிடையில் ஆலோசகர் என்ற முறையில் அவர் கையெழுத்திட வேண்டும் என்று புதிதாகப் பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. இந்தத் தடவை அவர் போடவில்லை. மடித்து என் கையில் கொடுத்து, "உங்க வக்கீல் சிநேகிதர் ஒருக்கா பார்க்கட்டுமுங்க" என்றார். இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாம் பக்கம் மூன்றாவது ஷரத்தைக் கவனமாகப் பார். பீஸ் கேட்டால் மைசூர்பாகுதான்.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்